கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் வண்டியின் இருப்பிடம் தவறாகக் காட்டுகிறது: எதை மாற்றினால் சரியாகும்?

கேள்வி – சரக்குவழி

நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மருந்துகளை மொத்தமாக விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றில் வண்டிகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் குட்டியானை வகைச் சிறு சரக்கு வண்டிகள். ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்தப்பட்டிருக்கிறது. அது பத்து விநாடிக்கு ஒரு முறை இருப்பிடத்தை எங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் செங்குன்றம் பக்கமும் இந்தப் பதிவுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. வண்டி ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது.

தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்கு அருகே நிற்கும் வண்டி, அதற்கு இணையாகச் செல்லும் லிங்கிச் செட்டித் தெருவில் நிற்பதாக வரைபடம் காட்டுகிறது. சரக்கு இறக்குவதற்காக எஞ்சினை அணைத்து நிறுத்திய வண்டி, பதிவில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பொய்யான நகர்வெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் ஏறிவிடுகிறது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ரயில் பாலத்தையொட்டிச் செல்லும் நூறடிச் சாலையில் வண்டி சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகிறது. கத்திப்பாராவிலோ வண்டி மேம்பாலத்தின் மேல் செல்கிறதா, கீழே செல்கிறதா என்பதையே கண்டுபிடிக்க முடிவதில்லை.

இதை நான் இவ்வளவு அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் ‘பாதை விலகல்’ என்று குறிக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் பேட்டாவில் பிடித்தம் செய்வது என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. உரிய கடையின் வாசலில் நின்று, பில்லில் முத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் அதே நேரத்தில் வேறு தெருவில் சுற்றியதாகப் பதிவு சொல்லும்போது, அந்தப் பதிவை நம்பி அவருடைய பணத்தைப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று விற்பனையாளர்களிடம் பேசினேன். ஒருவர் ஆர்டிகே என்னும் திருத்த முறையை வைத்தால் சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் உள்ள கருவியை வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர் இரட்டை அலைவரிசைக் கருவிதான் தீர்வு என்கிறார். எல்லா வண்டிகளிலும் எல்லாவற்றையும் மாற்றும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதனால் உண்மையில் பயன் இருக்கும் என்று இத்துறையில் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் – அலைநீளம்

சரக்குவழி அவர்களுக்கு வணக்கம். மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் மூவரும் வெவ்வேறு பிழைகளுக்கான தீர்வைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிழை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் கண்டறிந்துவிட்டால் பணம் வீணாகாது.

செயற்கைக்கோள் சிக்னல் ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்கிறது. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, அதைத் தூரமாக மாற்றி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தூரங்களிலிருந்து தன் இடத்தைக் கணக்கிடுவதுதான் ரிசீவரின் வேலை. அந்த நேர அளவைக் கெடுக்கும் காரணங்கள் இரு வகைப்படும். செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை, சுற்றுப்பாதைப் பிழை, அயனிமண்டலம் ஏற்படுத்தும் தாமதம் ஆகியவை ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொதுவானவை. ஜார்ஜ் டவுனில் எவ்வளவோ, மெரினாவிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆர்டிகே முறையில், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையம் இந்தப் பொதுப் பிழைகளை அளந்து வண்டிக்கு அனுப்புகிறது, வண்டி அவற்றைக் கழித்துக்கொள்கிறது. விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பும் நாடளவில் இதே வகையான திருத்தத்தைத்தான் தருகிறது.

இரண்டாவது வகைப் பிழை, உங்கள் ஆன்டெனாவைச் சுற்றியுள்ள சுவர்களால் மட்டுமே வருவது. உங்கள் வண்டிக்கு எதிரே இருக்கும் சுவர் ஆர்டிகே நிலையத்துக்கு எதிரே இல்லை. ஆகவே அந்த நிலையம் அனுப்பும் திருத்தத்தில் அந்தச் சுவரின் பிழை இடம்பெற வழியே இல்லை. அதோடு, சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்க வேண்டுமென்றால் சிக்னலின் அலைக்கட்டத்தை ரிசீவர் இடைவிடாமல் பின்தொடர வேண்டும். குறுகலான தெருவில் அந்தத் தொடர்பு அடிக்கடி அறுபடும். நில அளவைக்கும் நெடுஞ்சாலைப் பணிக்கும் ஆர்டிகே மிகச் சிறந்த கருவி; தம்பு செட்டித் தெருவுக்கு அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதை நீங்களே எளிதாகச் சோதித்துவிடலாம். இதே டிராக்கருடன் ஒரு வண்டியை மெரினா ஓரம், மரநிழலோ கட்டடமோ இல்லாத இடத்தில், அரை மணி நேரம் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். அங்கே புள்ளிகள் ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் அடங்கினால், ஜார்ஜ் டவுனில் நீங்கள் காணும் பிழை முழுவதும் கட்டடங்களால் வருவதுதான். சோதனையை ஒரு முறை நண்பகலிலும் ஒரு முறை சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்தும் செய்வது நல்லது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகே செல்வதால் நம் பகுதியில் அயனிமண்டலம் மிகவும் கலங்கியது. பகலில் தாமதமும், சூரியன் மறைந்த பின் சிக்னல் துடிப்பும் மிகும்.

இனி, தெருவுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நேரடி சிக்னலும் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னலும் சேர்ந்து வருவது ஒரு நிலை. நேரடி சிக்னல் முழுவதும் மறைக்கப்பட்டு, திரும்பிய சிக்னல் மட்டுமே வருவது இன்னொரு நிலை. முதலாவதில் ரிசீவர் இரண்டையும் பிரித்தறிய ஓரளவு வாய்ப்பு உண்டு. இரண்டாவதில் பிரிப்பதற்கு எதுவும் இல்லை. சுற்றுவழியில் வந்த தூரத்தையே ரிசீவர் உண்மையான தூரமாக எடுத்துக்கொள்கிறது.

எட்டு மீட்டர் அகலத் தெருவின் இருபுறமும் 15 மீட்டர் உயரக் கட்டடங்கள் இருப்பதாகக் கொள்வோம். தெருவின் நடுவில் இருக்கும் வண்டிக்குக் குறுக்குத் திசையில் ஏறத்தாழ 75 பாகைக்குக் கீழே வானம் தெரியாது. அதாவது கிழக்கிலும் மேற்கிலும் உச்சியிலிருந்து 15 பாகை வரை மட்டுமே திறப்பு. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளால் உயரத்தைச் சொல்ல முடியும். கிழக்கு மேற்காக நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அதனால் சரிவரச் சொல்ல முடியாது. 75 பாகை உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளின் தூரத்தில் ஒரு மீட்டர் பிழை வந்தால், குறுக்குத் திசையில் அது ஏறத்தாழ நான்கு மீட்டர் வரை பெருகக்கூடும். எதிர்ச்சுவர் நான்கு மீட்டரில் இருப்பதால் ஒரு முறை பட்டுத் திரும்பும் சிக்னலின் கூடுதல் தூரம் எட்டு மீட்டரைத் தாண்டாது. ஆனால் அந்த எட்டு மீட்டர் நான்கு மடங்கானால் பக்கத்துத் தெருவை நோக்கி 30 மீட்டருக்கு மேல் போய்விடும். தெரு வடக்கு தெற்காகச் செல்வதால் நீளவாட்டில் வானம் திறந்திருக்கிறது, அந்தத் திசையில் பிழை குறைவு. உங்கள் வண்டி முன்பின்னாகச் சரியாக இருந்து, பக்கவாட்டில் மட்டும் லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போவது இந்த வடிவியலால்தான்.

அண்ணா சாலை போன்ற அகலமான சாலையில் கதை வேறு. அங்கே வானம் நன்றாகத் தெரியும். ஆனால் 30 மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் தாழ்வான சிக்னல் 60 மீட்டர் வரை கூடுதலாகப் பயணிக்கலாம். இரட்டை அலைவரிசைக் கருவி பயன்படும் இடம் இதுதான். எல்1 என்னும் பழைய அலைவரிசையில் வரும் குறியீட்டின் ஒரு துணுக்கு, தூரக் கணக்கில், ஏறத்தாழ 293 மீட்டர் நீளம் கொண்டது, 1176.45 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்5 என்னும் புதிய அலைவரிசையின் குறியீட்டில் அது 29 மீட்டர்தான். பத்து மடங்கு கூர்மையான அந்தக் குறியீட்டைக் கொண்டு, 60 மீட்டர் தாமதித்து வரும் சிக்னலை நேரடி சிக்னலிலிருந்து ரிசீவர் தெளிவாகப் பிரித்துவிடும். எட்டு மீட்டர் தாமதத்தை அந்த அளவுக்குப் பிரிக்க முடியாது. நேரடி சிக்னலே இல்லாத இடத்தில், தவறான பாதையின் நீளத்தை எல்5 மிகத் துல்லியமாக அளந்து தரும், அவ்வளவுதான். இரண்டு அலைவரிசைகளையும் ஒப்பிட்டு அயனிமண்டலத் தாமதத்தை நீக்கலாம் என்பது கூடுதல் நன்மை. புதிதாக வாங்கும் வண்டிகளுக்கு எல்5 உள்ள கருவியையே கேளுங்கள். இருக்கும் கருவிகளை அதற்காகத் தூக்கியெறிய வேண்டாம்.

இருக்கும் வண்டிகளில் முதலில் மாற்ற வேண்டியது ஆன்டெனாவின் இடம். டாஷ்போர்டுக்கு அடியில், தகட்டுக்கும் வயர்களுக்கும் நடுவே இருக்கும் கருவிக்கு மேலிருந்து வரும் நல்ல சிக்னல் வலுவிழந்தும், ஜன்னல் வழியாகப் பக்கத்திலிருந்து வரும் திரும்பிய சிக்னல் வலுவாகவும் கிடைக்கிறது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கூரையின் நடுவில் ஒரு வெளி ஆன்டெனாவைப் பொருத்தினால், கூரைத் தகடே அதற்குத் தரைத்தளமாக அமைந்து கீழிருந்து வரும் பிரதிபலிப்பைத் தடுக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. செயற்கைக்கோள் சிக்னல் வலப்பக்கமாகச் சுழலும் முனைவாக்கம் கொண்டது. சுவரில் ஒரு முறை பட்டுத் திரும்பும்போது அது பெரும்பாலும் இடச்சுழலாக மாறிவிடுகிறது. நல்ல பீங்கான் பேட்ச் ஆன்டெனா இடச்சுழல் சிக்னலை ஓரளவு ஒதுக்கிவிடும். கைப்பேசிகளில் உள்ள ஆன்டெனாவுக்கு அந்தத் திறன் இல்லை. ஆகவே ஓட்டுநரின் கைப்பேசியையே டிராக்கராக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது கருவியின் அமைப்புகள். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலிமையையும் கருவி பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். திறந்தவெளியில் 45 முதல் 50 டெசிபெல்-ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய, உயரத்தில் உள்ள ஒரு செயற்கைக்கோள் திடீரென்று 30-க்கு இறங்கினால், அது சுவரில் பட்டு வருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வலிமை குறைந்தவற்றை அடியோடு நீக்கினால் நான்கு செயற்கைக்கோள்கூட மிஞ்சாமல் போகும். நீக்குவதைவிட, நம்பகத்துக்கு ஏற்ப எடை குறைத்துக் கணக்கில் சேர்ப்பதே சரியான வழி. ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ ஆகிய நான்கு உலகளாவிய அமைப்புகளையும் ஒருசேரப் பெறும் ரிசீவரில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அளவுகளைக் கண்டுபிடித்து ஒதுக்கவும் வழி இருக்கிறது.

நிற்கும் வண்டி நகர்வதாகக் காட்டுவதற்கு மருந்து எளிது. வேகத்தை அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் இடைவெளியிலிருந்து கணக்கிடக் கூடாது. நகர்வால் சிக்னலின் அலைவரிசையில் ஏற்படும் மாற்றமான டாப்ளர் விலகலிலிருந்து ரிசீவர் தனியே தரும் வேகத்தை எடுக்க வேண்டும். அதனுடன் இக்னிஷன் நிலையையும் சேர்த்துப் பார்த்து, எஞ்சின் அணைந்து வேகமும் சுழியாக இருந்தால் இடத்தை அப்படியே நிறுத்தி வைக்கும்படி அமைத்துவிட்டால், பொய்க் கிலோமீட்டர் அன்றே நின்றுவிடும்.

பதில் – தென்வானம்

நாவிக் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அது ஜார்ஜ் டவுனைப் பொறுத்தவரை சுவாரசியமானது.

நாவிக் அமைப்பின் வடிவமைப்பில் மூன்று செயற்கைக்கோள்கள் புவிநிலைப் பாதையில், கிழக்குத் தீர்க்கரேகை 32.5, 83, 131.5 பாகைகளில் அமைந்தவை. மற்ற நான்கும் 55, 111.75 பாகைகளை மையமாகக் கொண்டு தெற்கு வடக்காக எட்டு வடிவில் சுற்றுபவை. சென்னையிலிருந்து பார்த்தால் 83 பாகைக்குரிய இடம் ஏறத்தாழ 74 பாகை உயரத்தில், தெற்குப் பக்கமாக அமைகிறது. தம்பு செட்டித் தெரு தெற்கே திறந்திருப்பதால் அது தடையின்றித் தெரியும். ஆனால் 32.5-ம் 131.5-ம் சுமார் 30 பாகை உயரத்தில் மேற்கிலும் கிழக்கிலும் கிடக்கின்றன. இரண்டையும் கட்டடங்கள் மறைத்துவிடும். அலைநீளம் விளக்கியபடி உங்களுக்குத் தேவைப்படுவது குறுக்குத் திசைத் தகவல். அதைத் தரக்கூடிய நாவிக் செயற்கைக்கோள்கள்தான் அங்கே மறைகின்றன. தெரு கிழக்கு மேற்காக இருந்திருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

மேலும், 2016 முதல் நாவிக் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக்கடிகாரங்கள் பழுதடைந்தன. 2017 ஆகஸ்டில் ஏவிய மாற்றுச் செயற்கைக்கோளின் வெப்பக் கவசம் பிரியாமல் அந்த ஏவுதல் தோல்வியில் முடிந்தது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 உள்நாட்டு ரூபிடியம் கடிகாரத்துடனும், சாதாரணக் கருவிகளுக்கு ஏற்ற எல்1 சிக்னலுடனும் சென்றது. 2025 ஜனவரியில் சென்ற என்விஎஸ்-02 தன் உரிய பாதையை எட்டவில்லை. நம் நாட்டு அமைப்பு முழு வலிமையுடன் இயங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் கருவி வாங்கும் முன், பெட்டியில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, ரிசீவர் வரி வரியாக வெளியிடும் என்எம்இஏ பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘ஜிஐ’ என்று தொடங்கும் வரிகள் நாவிக்குக்கு உரியவை. எத்தனை செயற்கைக்கோள்கள் உண்மையில் வந்து சேர்கின்றன என்பது அவற்றில் தெரிந்துவிடும்.

பதில் – பலகைப்பணி

வாகன மின்னணுத் துறையில் பணிபுரிகிறேன். வானம் தெரியாத இடத்தில் வானத்தையே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வண்டியின் சக்கரத்துக்குத் தான் எவ்வளவு தூரம் உருண்டோம் என்பது தெரியும். செயற்கைக்கோளோடு சக்கரத்தையும் கைரோ எனப்படும் சுழல்மானியையும் சேர்த்துக் கணக்கிடும் ரிசீவர்கள் இப்போது கடையில் தனிச் சில்லாகவே கிடைக்கின்றன.

பலர் இங்கே முடுக்கமானியை நம்பி ஏமாறுகிறார்கள். முடுக்கத்தை இரு முறை தொகுத்தால் தூரம் வரும் என்பது பாடப்புத்தகத்தில் சரி. ஆனால் கருவி 0.1 பாகை சாய்ந்திருப்பது தெரியாமல் போனாலே, புவியீர்ப்பின் ஒரு சிறு பகுதி முடுக்கமாகக் கணக்கில் நுழைந்து, ஒரே நிமிடத்தில் 30 மீட்டர் பிழையை உண்டாக்கிவிடும். சக்கரத்தின் பிழை அப்படி நேரத்தோடு பெருகாது. அது ஓடிய தூரத்தில் ஒரு சிறு விழுக்காடாகவே இருக்கும், டயர்க் காற்றும் தேய்மானமும் மாறுவதால் அவ்வப்போது திறந்த சாலையில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுத் தானே சரிசெய்துகொள்ளும்படி விட்டுவிடலாம். திசைக்குச் சுழல்மானி. விநாடிக்கு 0.02 பாகை மட்டுமே வழுவும் சுழல்மானியோடு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் போனால் வண்டி 333 மீட்டர் செல்லும். பக்கவாட்டில் சேரும் பிழை மூன்றரை மீட்டர்தான். லிங்கிச் செட்டித் தெருவுக்குத் தாவுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

சுழல்மானியின் வழுவலை அந்த அளவுக்குக் குறைப்பதற்கு, வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ‘இப்போது சுழற்சி சுழி’ என்று அதற்குச் சொல்ல வேண்டும். பாரிமுனை நெரிசலில் அந்த வாய்ப்புக்குக் குறைவே இல்லை. சென்னை வெயிலில் டாஷ்போர்டு சூடாகச் சூடாக வழுவல் மாறும் என்பதால், காலையில் ஒரு முறை சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. கருவியை இரு திருகுகளால் சட்டத்தோடு இறுக்கிப் பொருத்துங்கள். ஒட்டும் பட்டையில் தொங்கும் கருவி தன் ஆட்டத்தையும் வண்டியின் திருப்பமாகவே எண்ணிக்கொள்ளும்.

சக்கர வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பது வண்டியைப் பொறுத்தது. வண்டியின் பழுதறியும் இணைப்பான ஓபிடி வழியாகக் கேட்டால் வேகம் முழுக் கிலோமீட்டராகத்தான் வரும். மணிக்கு 3 கிலோமீட்டரில் ஊர்ந்து செல்லும் தெருவில் அது போதாது. ஸ்பீடோமீட்டருக்குச் செல்லும் துடிப்புக் கம்பியிலிருந்து எடுப்பதே மேல். அதை வண்டியின் உத்தரவாதம் கெடாமல் செய்யத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள்.

மெட்ரோ பாலத்தையொட்டிச் செல்லும்போதும் இதே முறைதான் உதவும். தூண்களை ஒட்டிய லேனில் வானத்தின் ஒரு பாதி காங்கிரீட்டால் மறைந்து, மீதிப் பாதியிலிருந்து மட்டுமே சிக்னல் வருவதால் இடம் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. சக்கரமும் சுழல்மானியும் ‘வண்டி திரும்பவே இல்லை, நேராகத்தான் வந்தது’ என்று சொல்லும்போது அந்தத் தாவலைக் கணக்கு ஏற்காது.

கத்திப்பாராவுக்கு ஒரு காற்றழுத்தமானி போதும். எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். இன்றைய சிறு உணரிகள் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எளிதில் உணர்கின்றன. ஆனால் நம் ஊரில் காற்றழுத்தம் நாள்தோறும் காலையிலும் இரவிலும் பத்து மணியையொட்டி உயர்ந்தும், இடையில் தாழ்ந்தும் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் மாறுவது இயல்பு. ஆகவே மொத்த அழுத்தத்தைப் பார்க்காமல், கடைசி ஒரு நிமிடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

மறுமொழி – சரக்குவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூரை ஆன்டெனாவையும் இக்னிஷன் அமைப்பையும் உடனே செய்ய முடியும். சக்கரத் துடிப்பு உள்ள கருவியை ஜார்ஜ் டவுனுக்கு வழக்கமாகச் செல்லும் வண்டிகளுக்கு மட்டும் வாங்க அனுமதி கேட்கிறேன். ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: வண்டி இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. எந்தத் தெரு வழியாகச் சென்றது, எந்தக் கடையில் எப்போது நின்றது என்பது மாலையில் சரியாகத் தெரிந்தால் போதும். பிடித்தம் அந்தப் பதிவை வைத்துத்தான் நடக்கிறது. பழைய பதிவுகளையும் திருத்த வழி இருக்கிறதா?

பதில் – சாலைவரைவு

மாலையில் தெரிந்தால் போதும் என்று நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான தகவல். நேரலையில் கடந்தகாலத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும். பதிவைப் பிறகு ஆராயும்போது, வண்டி தெருவிலிருந்து எங்கே வெளியே வந்தது என்பதும் கையில் இருக்கிறது. போஸ் சாலையில் எந்தத் திருப்பத்தில் நுழைந்தது, எந்த முனையில் மீண்டும் தெளிவான வானத்துக்கு வந்தது என்ற இரண்டும் தெரிந்தால், இடையில் எவ்வளவு குழம்பியிருந்தாலும் தெருவைப் பெரும்பாலும் உறுதி செய்துவிடலாம்.

இதற்குப் பயன்படுவது சாலைப் பொருத்தம் என்னும் முறை. நியூசனும் கிரம்மும் 2009-இல் வெளியிட்ட மார்க்கோவ் மாதிரியை ஒட்டியே இன்றைய திறமூல மென்பொருள்கள் பல இயங்குகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் உள்ள சாலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, புள்ளி சாலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும், ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குச் சாலை வழியாகப் போகும் தூரம் நேர்த்தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்து, மொத்தப் பயணத்துக்கும் மிக நம்பகமான பாதை எது என்று அது முடிவு செய்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சென்னை வரைபடத்தோடு வல்ஹாலா மென்பொருளை உங்கள் சர்வரிலேயே இயக்கலாம். பழைய பதிவுகளையும் அதில் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு இடத்தில் மிகவும் கவனம் தேவை. புள்ளியின் பிழை எவ்வளவு இருக்கும் என்று மென்பொருளுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். வல்ஹாலாவில் இயல்பாக இருக்கும் எண் 4.07 மீட்டர். அது அந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஓட்டிய ஒரு பயணத்தின் தரவிலிருந்து வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, 30 மீட்டர் பிழையுள்ள ஜார்ஜ் டவுன் புள்ளிகளைக் கொடுத்தால், வண்டி லிங்கிச் செட்டித் தெருவில்தான் இருந்தது என்று மென்பொருள் முழு நம்பிக்கையோடு தவறாகச் சொல்லும். உங்கள் விநியோக மென்பொருள் ‘பாதை விலகல்’ என்று குறிப்பதற்கும் இப்படிப்பட்ட ஒரு சிறிய எண்ணே காரணமாக இருக்கக்கூடும். அந்த அமைப்பை விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டடங்கள் நெருங்கிய பகுதியை வரைபடத்தில் எல்லையிட்டு, அங்கே மட்டும் அந்த எண்ணைப் பெரிதாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கும் செல்வாக்கு குறைந்து, நுழைந்த திருப்பமும் வெளியேறிய திருப்பமும் முடிவைத் தீர்மானிக்கும். பத்து விநாடி இடைவெளியில் ஒரு திருப்பம் முழுவதும் நழுவிவிடக்கூடும் என்பதால், இந்தப் பகுதியில் விநாடிக்கு ஒரு புள்ளியாகக் கருவியிலேயே சேமித்துப் பிறகு மொத்தமாக அனுப்பச் செய்வது நல்லது.

கட்டடங்களின் முப்பரிமாண வரைபடத்தைக் கொண்டு, எந்தச் செயற்கைக்கோள் எங்கே மறைய வேண்டும் என்று ஒப்பிட்டு இடத்தைக் கண்டறியும் முறையும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பால் குரோவ்ஸ் 2011-இல் இதை முன்வைத்தார். கூகுள் 2020 டிசம்பரில் இதே திசையில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான திருத்தத்தை அறிவித்தது. தெருவின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சொல்வதில் அது கெட்டிக்கார முறை. ஆனால் ஒரே அகலமும் ஒரே உயரமும் கொண்ட இரண்டு இணைத் தெருக்களின் வானம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் உங்கள் கேள்விக்கு அது பெரிதாக உதவாது.

பிடித்தம் பற்றி என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன். கருவி தரும் ஹெச்டிஓபி என்னும் எண், செயற்கைக்கோள்களின் அமைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சுவரில் பட்டு வந்த சிக்னல் எவை என்பது அதற்குத் தெரியாது. எனவே அந்த எண் நன்றாக இருக்கும்போதுகூட இடம் முழுத் தெரு அளவுக்குத் தவறாக இருக்கலாம். பிழை வட்டத்துக்குள் இரண்டு தெருக்களும் வரும் வரை, பதிவில் எழுதத்தக்கது ‘இவ்விரண்டில் ஒன்று’ என்பது மட்டுமே. அதை ‘வேறு தெரு’ என்று எழுதி, அதன் பேரில் ஒருவருடைய பேட்டாவைக் குறைப்பதற்கு அளவீட்டில் எந்த ஆதாரமும் இல்லை. நிர்வாகத்திடம் இதை எண்களோடு காட்டுங்கள். கடை வாசலில் நின்றதை உறுதி செய்ய வேண்டுமென்றால், வழக்கமாகச் சரக்கு இறங்கும் கடைகளில் சிறு புளூடூத் பீக்கனை வைத்து, வண்டி அதன் அருகே வந்த நேரத்தைப் பதிவு செய்யலாம். அல்லது பில் முத்திரையிடும்போது பார்கோடு ஸ்கேன் செய்த நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டுமே வானத்தைச் சார்ந்தவை அல்ல.

பதில் – அலைநீளம்

சாலைவரைவு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிர்வாகத்திடம் எண்களோடு காட்ட வேண்டுமென்றால், வண்டி உண்மையில் எங்கே இருந்தது என்பதற்கு ஜிபிஎஸ்ஸைச் சாராத ஒரு சான்று வேண்டும். அதற்கு முன்கண்ணாடியில் ஒரு கேமரா போதும். கேமராவின் கடிகாரத்தையும் டிராக்கரின் நேரத்தையும் ஒரே நேரத்துக்குச் சரிசெய்துவிட்டு, கடைப் பெயர்ப் பலகைகளும் கதவிலக்கங்களும் படத்தில் விழும்படி தம்பு செட்டித் தெரு முழுவதும் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு பலகையையும் கடக்கும் நேரத்தைக் குறித்து, அந்தக் கட்டடம் வரைபடத்தில் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு புள்ளியும் நீளவாட்டில் எவ்வளவு, குறுக்குவாட்டில் எவ்வளவு விலகியது என்று தனித்தனியே கிடைக்கும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். குறுக்குவாட்டு எண்தான் தெருவைத் தீர்மானிப்பது.

இதையே, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பழைய கருவியையும் கூரை ஆன்டெனாவுடன் கூடிய புதியதையும் ஒரே வண்டியில் வைத்து, ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு வானத்தில் மணிக்கு மணி மாறுவதால், காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் சோதித்தால் கருவியின் குறை எது, நேரத்தின் குறை எது என்று பிரிக்க முடியாது. அந்த ஒப்பீட்டில் வரும் குறுக்குவாட்டுப் பிழையைத்தான் வல்ஹாலாவில் ஜார்ஜ் டவுன் எல்லைக்குள் இட வேண்டிய எண்ணாகவும் வைத்துக்கொள்ளலாம்.